ஒரிஜினல் ஒரம்பரை இருக்குங்களா?

போன வாரம் நாமக்கல்லில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு, "டீசல் ஜீப்புக்கு ஒரம்பரை இருக்கா?" என்று கேட்டேன்.

கொங்கு நாட்டு வாசகர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்... நான் மாயவரத்துக்காரி, எனக்கும் அப்போது தெரியாது.

முதலில் எங்கள் ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குக் கொல்லிமலை செம்மேட்டுக்கு பேங்க் மாற்றல் வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த கையோடு ஒரு எஸ்டேட்காரரிடம் இந்த ஜீப்பை வாங்கினோம். வாங்கினோம் என்ன, வாங்கினேன். ஓட்டுவதும் நான்தான். அவர் பெயர் பார்த்தசாரதி. பெயரில் மட்டும்தான் சாரதி. வண்டியில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்வார். செம்மேடு வந்ததும்தான் திறப்பார்.

வண்டிக்கு எங்கள் கல்யாணத்தைவிட வயது ஜாஸ்தி. அதனால் காலையில் எழுந்ததும் உபசாரம் நிறைய உண்டு. பானெட்டைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருப்பதை வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஃபேன் பெல்ட் கீச்சென்று கத்தினால் துணி சோப்பை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு தேய். கத்தல் நின்றுவிடும்! இடது பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். ராத்திரி நிறுத்தும்போது சரிவு பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கல்லை எடுத்தால் போதும், மீதியை மலை பார்த்துக்கொள்ளும்.

"எனக்குக் காப்பி போட்டுட்டு அப்புறம் அதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாதா?" என்பார் அவர். ஊற்றலாம். ஆனால் காப்பி இல்லாமல் அவர் ஓடுவார், தண்ணீர் இல்லாமல் வண்டி ஓடாதே!

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் வண்டிக்கு என்ன வந்ததோ... இழுக்க மாட்டேன் என்றது. சமதரையில் ஒன்றும் தெரியாது. காரவள்ளியில் மலைப்பாதை ஆரம்பிக்கிறது பாருங்கள், அங்கிருந்துதான் கூத்து. இரண்டாவது கியரில் திணறும். முதல் கியருக்கு மாற்றினால் முனகும். பின்னால் கரும்புகை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் நான் ஸ்டியரிங்கோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, ஏதோ நானே தள்ளுகிற மாதிரி ஏறினேன். ஒரு நாள் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய், எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துவிட்டார்.

அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பழனியம்மாள். திண்ணனூர் நாட்டில் (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) மிளகும் அன்னாசியும் சாமையும் போட்டிருக்கிறார். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தை நாளில் விடியும்போதே மூட்டையோடு எங்கள் வாசலில் நிற்பார். என் ஜீப்பில் அவருக்கு ஒரு உத்தியோகமும் உண்டு. வண்டி எங்கே திணறி நின்றாலும் பொசுக்கென்று குதித்து, பின்சக்கரத்துக்குக் கல் போடுவார். அப்போதும் குதித்தார். போட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, இதுக்குப் பேசாம ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போயிரலாமுங்க."

வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பு. என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். பேப்பரை மடித்து வைத்தால் தீர்ப்பு என்று அர்த்தம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணனும் அண்ணியும் மாயவரத்துலேர்ந்து வர்றாங்க. பேளுக்குறிச்சியில இறங்குவாங்க. உன் ஜீப் அவங்களை ஒழுங்கா மேலே கொண்டுவந்து சேத்துடுச்சுன்னா சரி. வழியில நின்னு அவங்க எதிர்ல மானத்தை வாங்கிச்சு... திங்கட்கிழமை காயலான் கடைக்காரனுக்குச் சொல்லி அனுப்பிடுவேன். இதுல பேச்சே இல்லை."

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உங்களுக்கு இது பழைய இரும்பாகத் தெரியலாம். ஆனால் இந்த மலையில் கடைசி பஸ் போய்விட்டால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். மாயவரத்தில் நான் எங்கே போனாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். இங்கே வந்துதான் சாவியை எடுத்து, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குக் கிளம்பக் கற்றுக்கொண்டேன். அதைக் காயலான் கடைக்காரன் எடை போடுவதா?

மறுநாளே வண்டியை இறக்கி, பேளுக்குறிச்சியில் ராசு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ராசுவுக்குச் சின்ன வயது, பெரிய வாய். பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே வியாதி சொல்லிவிடுவான்.

"டீசல் ஃபில்டருங்க்கா. கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னான் போலிருக்கிறது. ஃபில்டர் மாற்றியும் புகை அப்படியே இருந்தது.

"அப்படீன்னா நாஸில்தானுங்க. வேற இருக்கவே முடியாது."

நாஸிலைக் கழற்றிக் கழுவி மாட்டினான். வேறு ஏதோ இருக்கத்தான் முடிந்தது.

"பம்ப் டைமிங்குங்க்கா! வண்டியை உட்டுட்டுப் போங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள குதிரையாட்டம் ஏறும்."

விட்டுவிட்டு பஸ்ஸில் மலை ஏறினேன். இரண்டு மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாப்பில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங்க்கா! மெக்கானிக் ராசு சொல்லச் சொன்னானுங்க. உங்க வண்டிக்குள்ளார ஒரம்பரை இருக்குதாமா. அதனாலதான் மூச்சு வாங்குதாமா. நீங்க வந்தாத்தான் எடுப்பானாமா!"

விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

ஒரம்பரையா? ஓர்ப்படி தெரியும், பரம்பரை தெரியும்... இது என்ன ஒரம்பரை? வீட்டுக்கு ஓடி என் கணவரிடம் கேட்டேன். தெரியாது என்று சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"ஓ-ரிங்னு ஒண்ணு உண்டு. ரப்பர்ல வட்டமா இருக்கும். ராக்கெட்ல எல்லாம் போடுவாங்க. அதைத்தான் இந்தப் பக்கத்துல ஒரம்பரைன்னு ஆக்கியிருப்பாங்க. தேஞ்சிருக்கும். புதுசு ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லு."

என்ன தெளிவு பாருங்கள்! ராக்கெட்டில் போடுகிற சாமான் பேளுக்குறிச்சியில் கிடைக்குமா? லாரிகளின் ஊரான நாமக்கல்லுக்கே போய்விடுவோம், சாமானோடு ராசு முன்னால் போய் நிற்போம் என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அப்படித்தான் அந்தக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். "ஏனுங்க, என்ன கேட்டீங்க?" என்றார்.

"ஒரம்பரை. ஜீப்புக்கு."

"எத்தனை பேருங்க?"

பேரா? சரி, இந்த ஊர்க் கணக்கு அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "ஒண்ணு போதும். ஆனா ஒரிஜினல்தான் வேணும். டூப்ளிகேட் வேண்டாம். மலை ஏற வேண்டிய வண்டி."

கடையில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். நான் விடவில்லை. கறாராகப் பேசினால்தானே ஏமாற்ற மாட்டார்கள்?

"பழசைக் கொடுத்தா எடுத்துப்பீங்களா?"

அவ்வளவுதான். பின்னால் டயர் உருட்டிக்கொண்டிருந்தவர் டயரை விட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒரிஜினல் எங்க ஊட்டுலயே இருக்குதுங்க. நாலு நாளா சோறு போட்டு மாளலீங்க. கூட்டிட்டுப் போறீங்களா? பழசெல்லாம் நாங்க திருப்பி எடுக்கறதில்லீங்க."

பிறகுதான் சொன்னார். ஒரம்பரை என்றால் சொந்தக்காரர்களாம். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள்!

என் முகம் போன போக்கை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று புரியவில்லை. என் வண்டிக்குள் யாருடைய சொந்தக்காரர்கள்?

பேளுக்குறிச்சியில் இறங்கி பட்டறைக்கு விறுவிறுவென்று போனேன். ராசு வாயெல்லாம் பல்லாக நின்றான். "வாங்க்கா, வாங்க! சத்தம் போடாம வாங்க. தூங்கறாங்க."

பானெட்டுக்குள் ஏர் கிளீனர் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினான். எஞ்சினுக்குக் காற்று போகிற வழி அதுதான். அதற்குள்ளே வைக்கோல், தேங்காய் நார், சாமைத் தவிடு, ஏதோ பழுப்புக் கம்பளி நூல்... எல்லாம் சேர்த்து மெத்தென்று ஒரு படுக்கை. நடுவில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள், ரோஸ் நிறத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக.

"ஸ்பேனரை இதும் மேல வெச்சனுங்க. உள்ளார கீச்சுன்னுச்சு. ஒரு மாசமா அம்மாக்காரி குடி வந்து ஊடு கட்டியிருக்கறா. பிரசவம் நம்ம பட்டறையிலதானுங்க!"

காற்றுப் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இருந்தால் வண்டி எப்படி மூச்சு விடும்? கரும்புகை வராமல் என்ன வரும்? பழனியம்மாளின் மூட்டையிலிருந்து சிந்திய சாமையைத் தின்ன வந்தவள், இடம் வசதியாக இருக்கிறதே என்று தங்கிவிட்டாள். அந்தப் பழுப்புக் கம்பளி... உற்றுப் பார்த்தேன். என் கணவருடைய குரங்குக் குல்லா! நான் துவைத்துத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாரே, அதேதான். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எலி மேல் இல்லை, அவர் மேல்.

"சரி, எடுத்துப் போடேன். இதுக்கு எதுக்கு என்னைக் கூப்பிட்டே?"

ராசு காதைப் பொத்திக்கொண்டான். "எடுத்துப் போடறதா? என்னங்க்கா இப்படிச் சொல்லிப்போட்டீங்க! டேஷ்போர்டுல புள்ளையாரை ஒட்டி வெச்சிருக்கறீங்க. அவரு வண்டியை நிறுத்தறதுக்கு எடம் தர மாட்டீங்களா? ஓனரம்மா சொல்லாம நான் தொட மாட்டனுங்க."

வண்டிக்குள் வண்டி!  கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து, மெத்தை கலையாமல் ஒரு தகரத்தில் ஏந்தி, பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய டயருக்குள் குடிவைத்தோம். தாய் எலி மறைவில் நின்று எங்களை முறைத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் நகர்ந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது. ராசு ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, காற்று நுழைகிற வாய்க்குக் கம்பி வலை கட்டினான். ஸ்டார்ட் செய்தேன். புகையே இல்லை! "நான் மொதல்லயே நெனச்சனுங்க" என்றான் ராசு, கொஞ்சமும் கூசாமல்.

ஞாயிற்றுக்கிழமை. அண்ணன், அண்ணி, பெட்டிகள், ஒரு டின் முறுக்கு, கண்ணை மூடிய என் கணவர். கூடவே, பேளுக்குறிச்சியில் மகள் வீட்டுக்கு வந்திருந்த பழனியம்மாளும் ஏறிக்கொண்டார். வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வளைவு வளைவாக ஏறியது. பாதி மலையில் ஒரு வளைவு. நான் திரும்புகிறேன், எதிரே பஸ் இறங்குகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முழு பாரத்தோடு பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்துவிட்டது.

"ஐயோ, பின்னால போகுதே!" என்று அண்ணி அலறினார். என் கணவர் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திங்கட்கிழமை தெரிந்தது. பழனியம்மாள் வழக்கம்போல் குதித்தார், கல் போட்டார்.

பஸ் இறங்கிப் போனது. பிள்ளையாரப்பா, உன் வண்டிக்கு டயரிலே வீடு கொடுத்திருக்கிறேன், என் வண்டியைக் கைவிட்டுவிடாதே... சாவியைத் திருகினேன். முதல் கியர். கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டு, விறுவிறுவென்று ஏறியது! எனக்கு வந்த சந்தோஷத்தில் கத்தினேன். எங்கேயும் நிறுத்தத் தைரியமில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தேன்.

"அந்த அம்மா எங்கே?" என்றார் அண்ணன்.

அடக் கடவுளே! பழனியம்மாளைக் கீழே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பதறிக்கொண்டே அடுத்த வளைவில் திரும்பினால், அங்கே ரோட்டோரம் சாவகாசமாக நிற்கிறார். குறுக்குப் பாதையில் ஏறி வந்துவிட்டார். கையில் அந்தக் கல்.

"நிறுத்தாதீங்க அம்மிணி! உசுரு வந்திருக்கறப்ப ஓட்டிப்போடுங்க. நான் அப்படியே மேல வாரேன்!"

அவர் வளைவுக்கு வளைவு எங்களுக்கு முன்னால் நின்று கையாட்டிக்கொண்டே வந்தார். கொஞ்சம் சமமாக இருந்த ஒரு இடத்தில்தான் நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். செம்மேடு வந்து சேர்ந்ததும் என் கணவர் இறங்கி, பானெட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொடுத்தார். காயலான் கடைப் பேச்சு அதோடு போயிற்று.

அண்ணனும் அண்ணியும் செவ்வாய்க்கிழமை கிளம்புவதாகத்தான் திட்டம். ஆனால் ஜீப் இப்படி ஓடுகிறதே! ஆகாய கங்கை அருவி பார்த்தாயிற்று. அறப்பளீஸ்வரர் கோயில் ஆயிற்று. குண்டனி நாடு ஆயிற்று. "இப்பேர்ப்பட்ட வண்டி இருக்கும்போது என்ன அவசரம்? இன்னும் பத்து நாள் இருந்துட்டுத்தான் போகலாமே!" என்கிறார் அண்ணன். கட்டில் அவர்களுக்கு. என் கணவருக்குத் தரை, குல்லாவும் இல்லாமல்.

நேற்று சமையலறைக்குள் அவர் பூனை மாதிரி வந்து, என் காதில் கேட்டார்: "ஏம்மா... அந்த எலி இன்னும் ராசு பட்டறையிலதான் இருக்கா?"

என்ன செய்வது? ஒரம்பரை உள்ளே இருந்தால் வண்டி ஏறாது. வண்டி ஏறிவிட்டால்... ஒரம்பரை இறங்காது!