கேட்டு எழுதிய நோட்டு

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்தைய வருஷம் காஜா பேராங்கில் ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கிடங்கில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரித்தவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழ் வம்சத்தவர். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார், ஓரத்தை முகர்வார். கப்பலில் போகும்போது பூசணம் பிடிக்குமா என்று சொல்லிவிடுவார். எங்கள் சரக்கை மட்டும் வெளிநாட்டில் பிரித்துப் பார்க்காமலே வாங்குகிறார்கள் என்று மேனேஜர் பெருமையடிப்பார்.

அதே மேனேஜர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தரம் பிரிப்பவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதச் சொன்னார். ஒரே ஆளை நம்பிக் கம்பெனி நடத்த முடியாதாம். எழுதி முடித்ததும் அவரை அனுப்பிவிடப் போவதையும் என்னிடம் மறைக்கவில்லை. வெளியே சொன்னால் என் வேலையும் போகும். நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசுவோம். என் கை பின்தங்கினால் காத்திருந்து சொன்னார். தன் பேச்சை ஒருவர் எழுதி வைக்கிறார் என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த அம்மா எனக்கென்று பலகாரம் கொடுத்தனுப்பினார். அதையும் வாங்கித் தின்றேன்.

நோட்டு நிறைந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்தவன் நோட்டைப் பார்த்துத் தரம் பிரித்தான். மூன்றாவது தடவை கப்பலேற்றிய சரக்கு பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. அதற்குள் புக்கிட் ரம்பாயில் இருந்த போட்டிக் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. எங்களிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள்.

எதையோ மறைத்துவிட்டார், போய்க் கேட்டு வா என்று மேனேஜர் என்னை அனுப்பினார். அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எதையும் மறைக்கலை, கிராணி. நீங்க கேட்டதையெல்லாம் சொன்னேன். மத்தது, ஷீட்டைக் கையில எடுத்தாத்தான் எனக்கே தெரியும்," என்றார். பிறகு, "என்னை அனுப்பத்தான் எழுதச் சொன்னாங்கன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாது என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் உள்ளே போகவில்லை.

அடுத்த வருஷம் கிடங்கை மூடினார்கள். செமாபோக்கில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அவர் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்; அவர் இறந்த செய்தி வந்த அன்றுகூடப் போகவில்லை. ஆனால் பட்டப்பகலில், கடையிலோ பஸ்ஸிலோ, யாரோ எனக்குப் பின்னால் பதிலுக்காக நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.