வாட்ச் பட்டியலின் கடைசி வரி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. வயதில் மூத்தவர் என்று யாரோ ஒருமுறை கூப்பிட்டது மேலாளர் வரை ஒட்டிக்கொண்டது. மருத்துவமனைகளில் நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடும் டோக்கன் மென்பொருள் எங்களுடையது. அதில் எங்கே பிழை வந்தாலும் மாமாவின் மேசைக்குத்தான் போகும்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்காருவார். பிழை தேடும் கருவியான டீபக்கரில் நிரலை ஒரு வரியில் நிறுத்தி, ஒவ்வொரு வேரியபிளின் மதிப்பையும் பென்சிலால் தாளில் எழுதிய பிறகே அடுத்த வரிக்கு நகர்வார்.

"அதான் திரையிலயே தெரியுதே மாமா?" என்பேன்.

"திரை மாறிடும்டா. என் கையெழுத்து மாறாது. எனக்கே புரியாது, அது வேற விஷயம்."

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது அவர் கணினியில் உட்கார்ந்தேன். வரிசையில் அடுத்து எந்த டோக்கன் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. டீபக்கரின் ஓரத்தில் இருக்கும் வாட்ச் பட்டியலில் அவர் கவனித்துவந்த இருபது மதிப்புகளுக்கும் அடியில் நானும் ஒரு வரியைச் சேர்த்தேன்: அடுத்த டோக்கனை வெளியே எடுக்கும் கட்டளை. பார்த்தேன், அதை அழிக்காமலே எழுந்து போய்விட்டேன். நிரல் நிற்கும்போதெல்லாம் டீபக்கர் அந்தப் பட்டியல் முழுவதையும் மறுபடி கணக்கிடும். எனக்குத் தெரியாததல்ல, அப்போது தோன்றவில்லை. என் வரி ஒவ்வொரு முறையும் வரிசையிலிருந்து ஒரு டோக்கனை விழுங்கியது.

"டோக்கன் காணாமப் போகுதுடா," என்றார் மறுநாள். நான்கு நாள் தேடினார். தாள்கள் குவிந்தன. ஐந்தாம் நாள் உதவப் போனவன், பட்டியலைக் கீழே நகர்த்தியபோது என் வரியைப் பார்த்தேன். அவர் டீ எடுக்கப் போயிருந்தார். அழித்துவிட்டேன். வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வந்தார், எனக்கும் ஒரு டீ கொண்டுவந்திருந்தார். வாய் வரவில்லை.

பிழை மறைந்தது. "பேய் ஓடிப்போச்சு மாமா, விடுங்க!" என்றார் மேலாளர்.

"தானா போனது தானா வரும் சார். ஆஸ்பத்திரில உக்காந்திருக்கிற யாரையாவது கூப்பிடாமலே விட்டுட்டா?"

அதன்பிறகு சனிக்கிழமைகளிலும் வந்து தேடினார். நெஞ்சு கனக்கிறது என்று ஒரு சனிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். அதைத் தள்ளிவைத்தார். அடுத்த வாரமும் தள்ளிவைத்தார். தொலைபேசியில் அவர் சொல்வது பக்கத்து மேசையில் எனக்குக் கேட்டது. "போய்ப் பாத்துட்டு வாங்க மாமா," என்று இரண்டு முறை சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது சனிக்கிழமைக்கு அவர் உயிரோடு இல்லை.

இன்று மாலை அவருடைய பொருள்களைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். பென்சில் தாள்களை அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அத்தை, மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிடும்போதும் இதே நினைப்புதான். அந்த டோக்கன் எங்க போச்சுன்னு கடைசில தெரிஞ்சுதா தம்பி?"

"தெரிஞ்சுது அத்தை. நான் செஞ்ச தப்பு. அப்பவே எனக்குத் தெரியும். மறைச்சுட்டேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை தாள்களின் ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டினார்.

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரேப்பா. ஒரு வருஷம் உன்னைக் கேலி பண்ணி ஓட்டித் தள்ளியிருப்பார். அவ்வளவுதானே?"

அதற்குத்தான் பயந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.