கோம்பை நாயின் இரண்டு குரைப்பு

ஒலியைக் கொடுத்தால் அது திரையில் அசையும் படமாகிவிடும். அப்படி ஒரு நிரலை யாரும் வந்து எழுதிப் பழகலாம் என்று உத்தமபாளையத்தில் நாங்கள் பயிலரங்கு வைத்தோம். கோம்பையிலிருந்து ஓர் அம்மா நாத்தனாரோடு வந்தார். அகலமான நெற்றி, பெரிய குங்குமம். பிறவியிலேயே காது கேளாதவர். எதையும் உள்ளங்கையால் தொட்டுத்தான் பார்ப்பார். வந்ததுமே ஸ்பீக்கர் மேல் கை வைத்துவிட்டார்.

போனில் அவருடைய நாயின் குரைப்புகள் இருந்தன. ஒன்று அந்நியரைப் பார்த்து, இன்னொன்று அவர் வீடு திரும்பும்போது.

“தன்னையப் பாத்து மட்டும் வேற மாதிரி கொலைக்குதான்னு மதினி கேக்குறாக,” என்றார் நாத்தனார். “எல்லாருக்கும் ஒண்ணுதான்னா நம்ப மாட்டேங்குறாக.”

அவற்றைக் கணினியில் ஏற்றி என் நிரலில் ஓடவிட்டேன். இரண்டுக்கும் ஒரே வட்டம்தான் விரிந்து சுருங்கியது. அந்த அம்மாவின் முகம் வாடியது. பிறகு வேகமாகச் சைகை செய்தார்.

நாத்தனார் சிரித்தார். “அது கழுத்துல கை வச்சா அதிர்வு வேறயாம். ஒங்க படந்தான் தப்பாம், தம்பி.”

சத்தத்தின் அளவை மட்டுமே நான் கணக்கில் எடுத்திருந்தேன். குரலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தேன். அந்நியருக்கான குரைப்பு முள்முள்ளாகக் குத்திட்டு நின்றது. அவருக்கானதோ அலையலையாக நெளிந்து திரையின் விளிம்புவரை ஓடியது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

“ஒத்துக்கிட்டேன் மதினி, ஒங்களுக்குத்தான் தனியாக் கொலைக்குது,” என்று வாயாலும் கையாலும் சொன்னார் நாத்தனார்.

அவர்கள் போனபின் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எது அவருக்கானது என்று இன்றுவரை என் காதுக்குப் பிடிபடவில்லை.