ஏன் அண்ணனும் இடியோபதிக்கும்

வேலையிடத்தில் அவருக்கு 'ஏன் அண்ணன்' என்று பெயர். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். நின்ற லிஃப்டை ஓட்டிக் காட்டுவது அவருக்குப் பெரிதல்ல. அது ஏன் நின்றது என்று தெரிந்தாக வேண்டும். ஒருமுறை ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் தானாகவே சரியாகிவிட, குடியிருப்பவர்கள் கைதட்டினார்கள். இவர் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தேடி, ஐந்தாம் மாடிக் கதவின் கீழே சிக்கியிருந்த சட்டைப் பொத்தானைப் பிடித்த பிறகே சாப்பிட உட்கார்ந்தார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. கையில் சிவந்து வீங்கும், அரித்துப் பிடுங்கும், இரண்டு மணி நேரத்தில் அங்கே மறைந்து முதுகில் முளைக்கும். விடுவாரா? ஒரு நோட்டுப் போட்டார். தேதி, நேரம், தின்றது, உடுத்தியது எல்லாம் ஏறின. சோப்பு மாறியது. முட்டை நின்றது. தலையணை உறை மூன்று முறை வெந்நீரில் வெந்தது.

"இந்த வீட்டுல நீங்க சந்தேகப்படாதது நான் ஒருத்திதான்" என்றாள் மனைவி.

"உன்னையும் எழுதியிருக்கேன். பதினாலாம் பக்கம்."

அதன்பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு குறைவாகவே இருந்தது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதி, சீட்டின் மேலே ஆங்கிலத்தில் ஒரு நீள வார்த்தையும் எழுதினார். வீட்டில் மனைவி அதை ஐ, டி, ஐ, ஓ என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். இடியோபதிக்.

"முதல் நாலு எழுத்து வரைக்கும் கரெக்டா கண்டுபிடிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள்.

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே சீட்டோடு போய் நின்றார்.

"என்னை இடியட்னு எழுதியிருக்கீங்களா, மேடம்?"

டாக்டருக்கு வாயெல்லாம் சிரிப்பு. "ஐயோ, இல்ல சார்! கிரேக்கத்துல 'இடியோஸ்'னா தனக்கே சொந்தமானது. 'பேத்தோஸ்'னா நோவு. வெளியில எந்தக் காரணமும் பிடிபடல, தன்பாட்டுக்கு வந்த நோவுன்னு அர்த்தம்."

"அப்ப இடியட்?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அதுக்கும் வேர் அதேதான். பொது விஷயத்துல தலையிடாம தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கற ஆளைச் சொன்னது. பிற்பாடுதான் திட்டா மாறிடுச்சு."

"காரணம் தெரியலைன்னு நேரா எழுதியிருக்கலாமே?"

"எழுதலாம்தான். ஆனா எங்களுக்குத் தெரியலைங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிடுமே!"

அவரும் சிரித்துவிட்டார். இவ்வளவு படித்தவர் தெரியவில்லை என்று கூசாமல் சொன்னது அவருக்கு என்னவோ செய்தது. இருபத்தாறு வருடத்தில் அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஓர் அலுவலகத்தில் லிஃப்டின் அபாய மணி ஆளே இல்லாமல் அடித்தது. பாதி நாள் பார்த்தும் பிடிபடவில்லை. மேனேஜர் வந்து ஏன் என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றார் இவர். சொல்லும்போது காது சூடானது. "நாளைக்கு மறுபடி வந்து பார்க்கறேன்."

"சரி" என்று மேனேஜர் போய்விட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இதற்காகவா இத்தனை வருடம் பட்டினி கிடந்தோம் என்று அவருக்கு ஆத்திரம்கூட வந்தது.

நாலு மாதத்தில் தடிப்பு நின்றுபோனது. மனைவிக்கு நிம்மதி. அவருக்கு இல்லை. மறுபடியும் டாக்டர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"வந்த காரணம் தெரியாது, சரி. ஏன் மேடம் போச்சு?"

"அதுவும் தெரியாது சார்."

"அதுக்கும் ஒரு பேரு வச்சிருப்பீங்களே?"

"இல்லையே" என்றார் டாக்டர். "நல்லானதுக்கு அப்புறம் வந்து ஏன்னு யாரும் கேட்டதில்ல. நீங்கதான் முதல் ஆளு."

அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து முறைத்ததால், அவர் எழுந்துகொண்டார்.