கட்டில் காலில் தொங்கிய சிலேட்டு

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சப்படுகிறவள். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன், சில விஷயம் மறந்தே போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சிலேட்டை மறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற சிலேட்டுதான். மரச்சட்டத்தில் ஒரு மூலை விட்டுப்போய், தகரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டில் சணலில் கட்டித் தொங்கும். அதில் அழியாதபடி வெள்ளைப் பெயிண்டில் நாலு சொல் எழுதியிருக்கும்: சாப்பாடு, தூக்கம், வெளிக்கு, வலி. எதிரே தினமும் காலையில் பல்பத்தால் எழுதுவார்கள். பல்பம் நூலில் கட்டி அங்கேயே தொங்கும். என் வீட்டுக்காரர் அந்தக் கட்டிலில் நாற்பது நாள் கிடந்தார். முதல் மூன்று வரிகள் நாளுக்கு நாள் மாறின. நான்காவது வரி ஒரு நாளும் மாறவில்லை. வலி: இல்லை.

அந்த இடத்தை எல்லோரும் இல்லம் என்பார்கள். வலங்கைமானைத் தாண்டி ஆற்றங்கரையோரம் இருந்தது. இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். அதற்கு முன்னால் அது பண்ணையின் நெல் கிடங்கு. உச்சவரம்புச் சட்டம் வந்து, ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, பண்ணை வீட்டார் பாதி நிலத்தைத் தர்மத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டார்கள். தர்மத்தின் பேரில் இருந்தால் நிலம் கைவிட்டுப் போகாதாம். காகிதத்தில் தர்மம் என்று இருந்தால் கண்ணுக்கும் ஏதாவது தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, பன்னிரண்டு கட்டில் போட்டு, சாகக் கிடப்பவர்களைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நான் சொல்வது வன்மமாகத் தெரியலாம். வன்மம்தான். இத்தனை வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்தேன்.

இல்லத்தை நடத்தியவர் பண்ணை வீட்டு மருமகள். நாங்கள் சின்னம்மா என்போம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் இருப்பார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, காலில் தோல் செருப்பு. சிமெண்டுத் தரையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் முனகிக்கொண்டிருக்கிற கட்டில்கூட அடங்கிவிடும். குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. முன் அறையில் முதலமைச்சர் படம் ஒன்று மாட்டியிருப்பார். ஆட்சி மாறினால் படமும் மாறும், ஆணி மாறாது. மந்திரிகள், மன்னார்குடியிலிருந்து வரும் சங்கத்துப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று யாராவது வந்து பார்த்து, தெய்வம் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தெய்வத்துக்குப் பக்கத்தில் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடமும் கேட்டார்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த ஆள். ஏழு வயதில் மாடு மேய்க்க விட்டார்கள். மாடு பயிரில் வாய் வைத்தால் இவர் முதுகில் அடி விழும். அடித்துவிட்டு, "வலிக்குதாடா?" என்று கேட்பார்களாம். வலிக்குதுங்க என்றால் வாயடிக்கிறான் என்று இன்னும் இரண்டு விழும். "இல்லீங்க" என்றால் அதோடு நிற்கும். அந்தச் சொல் அப்படித்தான் அவர் வாயில் ஊறியது. பிறகு காலம் மாறியது. கூலி உயர்த்தித் தந்தால்தான் அறுப்பு என்று முப்பது பேர் அரிவாளோடு வரப்பில் உட்கார்ந்தபோது அதில் இவரும் ஒருவர். எங்கள் பக்கம் பண்ணை வீட்டார் எதிரே வந்தால் ஆண்கள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். அன்று பெரிய ஐயா வரப்பில் வந்து நின்றபோது இவர் துண்டை எடுக்கவில்லை. கல்யாணமான புதிது எனக்கு. கஞ்சி கொண்டுபோன நான் அதைப் பார்த்துப் பயந்து திரும்பி ஓடிவந்தேன். சாயங்காலம், "என்ன புள்ள, துண்டுக்கே இப்படி ஓடுற?" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்படிப்பட்ட ஆளுக்கு வயிற்றில் புற்று வந்து இடுப்பு எலும்புக்கு இறங்கிவிட்டது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வீடு என்றால் ஒரே கூரை, மழைக்கு ஒழுகும். பிள்ளை இல்லை. நான் நடவுக்குப் போகாத நாளில் உலை வைக்க முடியாது. இல்லத்தில் சேர்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் வந்து, "அந்தப் பண்ணைக்காரன் கையிலயா கொண்டுபோய்க் குடுக்கிறீங்க?" என்று கோபப்பட்டார். இவர் படுத்தபடியே, "அவுங்க நெலத்துல பொறந்தேன், அவுங்க கட்டில்ல சாவறேன், விடுய்யா. இத்தன வருசப் போராட்டத்துல ஒரு கட்டிலாவது வாங்கிட்டோம்ல" என்றார். அவர் நன்றாகச் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

இல்லத்தில் முதல் நாள் காலையிலேயே, இவர் பழைய ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விடிந்ததிலிருந்து, "தாங்கல புள்ள, இடுப்ப யாரோ கடப்பாறையால நெம்புறாப்புல இருக்கு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே, "துண்டு, துண்டு" என்றார். எனக்குப் புரியவில்லை. நெஞ்சில் கிடந்த துண்டை அவரே இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வரப்பில் எடுக்காத துண்டு. நோய் அவரைத் திரும்பப் பண்ணைக்கே இழுத்து வந்துவிட்டது. சின்னம்மா கால்மாட்டில் நின்று, "என்னப்பா, வலி கிலி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இவர், "இல்லீங்கம்மா" என்றார். சின்னம்மா குனிந்து எழுதினார்: இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அவர் பொய் எழுதவில்லை. கேட்டார், பதில் வந்தது, எழுதினார். வியாழக்கிழமை டாக்டர் வருவார். அவர் சிலேட்டைப் பார்ப்பார், வலி என்று இருக்கிற கட்டிலில் நிற்பார், இல்லாத கட்டிலைக் கடந்து போவார். அப்படிப் பார்த்தால் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் நாற்பது நாளும் இவர் வலது கை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். சின்னம்மா அந்தக் கையைப் பார்ப்பார். பார்த்ததை நான் பார்த்தேன். அப்புறம் கண்ணைச் சிலேட்டுக்குத் திருப்புவார். பண்ணை வீட்டார் கேட்டால் பண்ணை ஆள் என்ன சொல்வான் என்று அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவருக்குத் தெரியாதா? கொல்லையில் அந்தக் கேள்வியும் பதிலும் எத்தனை தரம் அவர் காதில் விழுந்திருக்கும்! அவர் கேட்டது பதில் தெரிந்துகொள்ள இல்லை.

இல்லத்தில் ஒரு ஆயா இருந்தாள். கூட்டிப் பெருக்குவது, துடைத்துவிடுவது எல்லாம் அவள்தான். வாய் நிற்காது. ஒருநாள் நான் அழுதுகொண்டிருந்தபோது வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஒரு வெவரம் கெட்டவ. இங்க வலின்னு எழுதுனா டாக்டரு ஊசி கேப்பாரு. ஊசி கேட்டா அலமாரியத் தொறக்கணும். தொறந்தா உள்ள ரெண்டு பல்லியும் ஒரு தைல பாட்டுலும் இருக்கறது தெரிஞ்சுபோயிடும். அதுக்குத்தான் இங்க யாருக்கும் வலியே வர்றதில்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அலமாரி முன் அறையில் இருந்தது, கண்ணாடிக்கு உள்பக்கம் பச்சைத் துணி கட்டியிருக்கும். அவள் சொன்னது நிஜமா, வாய்க்கு வந்த பேச்சா, எனக்குத் தெரியாது. திறந்து நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை டாக்டர் வந்தபோது, சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து நின்றேன். அவர் பின்னால் சின்னம்மா வந்தார். நான் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டேன்.

முப்பத்தேழாம் நாள் என்று ஞாபகம், ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். தர்மத்துக்கு எழுதிய நிலம் தர்மத்துக்குத்தான் நடக்கிறதா, இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து எழுத வந்தவர். அன்று காலையில் எல்லாக் கட்டிலிலும் புது வெள்ளை விரிப்பு போட்டார்கள். மடிப்புக் கோடு கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு வைத்தார்கள், மற்ற நாளில் அது சமையலறையில் இருக்கும். அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எங்கள் கட்டிலில் நின்று சிலேட்டைப் படித்தார். என்னைப் பார்த்து, "ஏம்மா, நல்லா கவனிக்கிறாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார். ஐம்பது வயதுவரை என்னை வாங்க போங்க என்று ஒரு அதிகாரி பேசியதில்லை. அதுவே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் பின்னால் தோல் செருப்பு தெரிந்தது. "கொறை ஒண்ணும் இல்லீங்கய்யா" என்றேன். கைநாட்டா என்று கேட்டார். எழுதுவேன் என்று சொல்லி, கோணாமல் கையெழுத்துப் போட்டேன். சின்னம்மா எட்டிப் பார்த்து, "பரவால்லையே, அழகா எழுதுறியே" என்றார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

ஜீப் போன பிறகு விரிப்புகளை எடுத்தார்கள். ஆளைப் புரட்டி, அடியிலிருந்து உருவினார்கள். எங்கள் கட்டிலில் உருவியபோது இவர் கத்தினார். ஏழு வயதிலிருந்து உள்ளே வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு சத்தத்தில் வெளியே வந்தது. ஆற்றில் துணி துவைத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்களாம். ஆயா கையை எடுத்துவிட்டாள். வாசற்படியில் நின்ற சின்னம்மா, "பாத்து எடுங்கடி, கறை பட்டுடப் போவுது" என்றார். மறுநாள் காலை வந்து, "வலி கிலி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். இவருக்குப் பேச்சு நின்றிருந்தது. வெறும் உதடு அசைந்தது. இந்தத் தடவை பதில் வரவில்லை. அப்படியும் எழுதினார்: இல்லை. அவர் போன பிறகு நான் கால்மாட்டில் நின்றேன். பல்பம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. விரலால் அழித்துவிட்டு "இருக்கு" என்று எழுத எனக்குத் தெரியும். முந்தின நாள் அழகாகக் கையெழுத்துப் போட்டவள்தானே? பல்பத்தைத் தொட்டேன். விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் இவர் போய்விட்டார். சின்னம்மா மாலை கொண்டுவந்து, "கடைசிவரைக்கும் ஒரு மொனகல் இல்ல, புண்ணியவான்" என்று ஊரார் கேட்கச் சொன்னார்.

இப்போது சின்னம்மா இல்லை. படமாகிவிட்டார், நிலம் இன்னும் தர்மத்தின் பேரில்தான் இருக்கிறது என்கிறார்கள். என் தங்கைக்கும் இந்த வருஷம் அதே நோய் வந்து, மன்னார்குடிப் பக்கம் வேறொரு இல்லத்தில் சேர்த்திருக்கிறோம். நல்ல இடமா என்று தங்கை மகள் என்னைக் கேட்டாள். சுவரையும் விரிப்பையும் பார்க்காதே என்றேன். செம்பு எங்கே இருக்கிறது என்று பார், படுத்திருப்பவர் உள்ளங்கால்வரை துடைத்துவிட்டிருக்கிறார்களா என்று பார், சத்தம் போடாதவரிடம் இரண்டாந்தரம் கேட்கிறார்களா என்று பார் என்றேன். போன வாரம் நர்சுப் பெண் ஒரு அட்டையோடு வந்தது. அதில் ஆறு முகம் வரைந்திருந்தது, சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை. "எந்த மூஞ்சி மாதிரி இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டது. என் தங்கை சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். அவளும் அதே பண்ணையில் நடவு நட்டவள். அவள் இன்னொரு கை போர்வையைத் திருகிக்கொண்டிருந்தது.

"பொய் சொல்றாம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தங்கை, "அக்கா, சும்மா இரு, அந்தப் புள்ள பாவம், எத்தன பேரப் பாக்கும்" என்றாள். நான் அந்தப் பெண்ணின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினேன். கடைசி முகத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். வட்டம் கோணிப்போனது. அந்தப் பெண் என்னைப் பார்த்தது, தங்கை கையைப் பார்த்தது, பிறகு டாக்டரைக் கூப்பிடப் போனது. ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் தங்கையின் விரல்கள் விரிந்தன. அவள் வாய் திறந்து தூங்கினாள். நான் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நாற்பது நாள் என்று எழுதியிருக்கிறேன், ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். சிலேட்டில் வெளிக்கு முன்னா தூக்கம் முன்னா என்பதும் மாறியிருக்கலாம். அந்த இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக அந்த அலமாரியில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். நான்காவது வரியை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அதைப் படிக்க எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.