என் கைராசியும் மார்பியா அலமாரியும்

ஆண் நர்ஸ் என்றால் அந்நாளில் தென்காசியில் யாருக்கும் விளங்காது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமா, "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில கம்பவுண்டர் மாதிரி" என்று சொல்லிவைத்தார். அந்த 'மாதிரி'யிலேயே பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன்.

ஆண்கள் வார்டில் எனக்கும் செங்கோட்டைப் பக்கத்து சிஸ்டர் ஒருத்திக்கும் பகல் டியூட்டி. கடும் வலியை அடக்கும் மார்பியா ஊசி மருந்து தனி அலமாரியில் பூட்டியிருக்கும். சாவி என்னிடம். ஒருவர் ஊசி போட வேண்டும், இன்னொருவர் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அப்போது நான் ஒரு தடித்த ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பில் சிக்கிக்கிடந்தேன்.

"நீங்க படிங்க அண்ணாச்சி, நான் போட்டுட்டு வாரேன்" என்பாள். சாவியை நீட்டுவேன். மருந்துக் கணக்கு நோட்டு வந்தால் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையெழுத்துப் போடுவேன். எப்பேர்ப்பட்ட உழைப்பாளி என்று தலைமை நர்ஸான மேட்ரனிடம் அவளைப் புகழ்ந்தும் வைத்தேன். சோம்பேறிக்கு உழைப்பாளியைக் கண்டால் பக்தி வந்துவிடும்.

வண்டி குடைசாய்ந்து தொடை முறிந்த அச்சன்புதூர்க்காரர் ஒருவர் வார்டில் இருந்தார். தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றுமுன் அவருக்கு மார்பியா உண்டு. ஒரு நாள் சிஸ்டர் லீவு, நானே போட்டேன். மறுநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இனி நீரே போடும். நீரு போட்டா வலி ஓடிருது. அந்தம்மா போட்டா, கட்டுப் பிரிக்கையில உசுரு போவுது."

"ரெண்டும் ஒரே மருந்துதான்வே."

"மருந்து ஒண்ணுதான். கைராசின்னு ஒண்ணு இருக்கில்லா?"

எங்கள் பக்கத்தில் வைத்தியருக்குப் பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கைராசி வேண்டும். அது எனக்கு வாய்த்துவிட்டது. வீட்டில் சொன்னேன். "அந்தக் கை கிணத்து வாளியத் தொட்டாக் கயிறுல்லா அந்து போவுது" என்றாள் மனைவி. இருந்தும் இரண்டு வாரம் அந்தக் கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சிஸ்டர் போட்ட ஊசியில் மருந்து இருந்ததா என்ற கேள்வி, பரீட்சை எழுதித் தேறிய என் மூளைக்கு எட்டவே இல்லை.

சாரல் தொடங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாதவர்கள் எல்லாரும் குற்றாலம் போனோம். அருவியில் குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், எங்கள் வார்டு சிஸ்டர் மட்டும் முழுக்கை ரவிக்கையோடு குடை பிடித்துக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள்.

"குத்தாலத்துக்கு வந்துட்டுக் குளிக்காமப் போறதா?"

"தடுமம் அண்ணாச்சி, தும்மலா வருது" என்று நிமிர்ந்தாள்.

மேகம் கவிந்து ஒரே இருட்டு. அந்த வெளிச்சத்தில் யாருக்கும் கண்பாப்பா அகலமாக விரிந்திருக்க வேண்டும். அவளுக்குக் கடுகளவுதான் இருந்தது. மார்பியா ஊசி போட்ட நோயாளிகளிடம் நான் தினம் பார்க்கிற கண். முழுக்கை, அவளுடைய உழைப்பு, அச்சன்புதூர்க்காரரின் அலறல், என் கையெழுத்துகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஊசி யாருக்குப் போவுது சிஸ்டர்?"

குடையை முகத்துக்குத் தாழ்த்தினாள். பிறகு, "தலைவலிக்குத் தொடங்கினது அண்ணாச்சி. நோயாளிகளுக்கு வெறும் தண்ணிதான் போட்டேன்" என்றாள். "ஒரு வாரம் தாங்க, நானே நிறுத்திருதேன். மேட்ரனுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். அம்மையும் தம்பியும் என்ன நம்பில்லா இருக்காவ."

தந்தேன். அதற்கு இரக்கம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன். அதில் பாதி, என் கையெழுத்துகளை நினைத்து வந்த பயம்.

சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டேன். ஊசிகளை நானே போட்டேன். நாவல் பிரிக்கப்படவில்லை. அவள் நடந்தால் பார்த்தேன், கண்ணில் படாவிட்டால் தேடினேன். நான்காம் நாள் மத்தியானம் பெண்கள் வார்டிலிருந்து, காலையில் ஆபரேஷன் ஆன அம்மாள் ஒருத்தியின் அலறல் கேட்டது. ஓடினேன். "இப்பத்தான் ஊசி போட்டாச்சே" என்று விழித்தாள் அங்கே இருந்த புது நர்ஸ்.

"யாரு போட்டா?"

"உங்க வார்டு சிஸ்டர்தான். நீ போய்ச் சாப்பிடு, நான் போடுதேன்னு இந்த வார்டு அலமாரிச் சாவிய வாங்கினாங்க."

நேரே மேட்ரனிடம் போனேன். என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன்.

"எத்தனை நாளா உமக்குத் தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாளா என்ன செஞ்சீரு?"

"யோசிச்சேன்."

"யோசிக்கதுக்கா உம்ம வச்சிருக்கு? சாவியக் கொடும்."

மேட்ரன் முதலில் அந்த அம்மாளுக்குத் தன் கையாலேயே உண்மையான மருந்தைப் போட்டார். அதன் பிறகு சிஸ்டரைக் கைபிடித்து அழைத்துவந்து ஓர் அறையில் படுக்கவைத்தார். டாக்டர் வந்து பார்த்து, "முதல்ல இவ நோயாளி. மத்தது பொறவு" என்றார். மற்றது என்பது மேலிடத்துக்குப் புகார் எழுதுவது. அதில் என் பெயரும் உண்டு.

அவளுக்கு ஊசி நின்ற மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுபோனேன். வேர்த்து நனைந்து, மூக்கு ஒழுக, காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள்.

"ஒரே ஒரு ஊசி அண்ணாச்சி."

"சாவி என்கிட்ட இல்ல."

"இருந்தா?"

நான் கஞ்சியை ஆற்றினேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு வாரம் தாங்கன்னு கேட்டேன். என்னால முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நர்ஸ்தான நீங்க? ஏன் தந்தீங்க?"

  அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாந்திப் பேசினை எடுத்துப் பிடித்தேன்.