திருப்பூரில் ஒரு கடைக்கு இரண்டு பேர்

கோவைக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் வால்பாறை, டாப்சிலிப், ஊட்டி எல்லாம் சுற்றிவிட்டேன். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பூருக்கு மட்டும் போனதில்லை. பனியன் வாங்க எதற்கு அவ்வளவு தூரம் என்ற எண்ணம்தான். போன சித்திரையில் அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரான ஒடிசா பிரகாஷ் சொன்னார்: "வெயில் காலத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் திருப்பூர்ல மமதா அக்கா பக்காளா போடுவாங்க. அதுக்குன்னே நான் ரயிலேறிப் போவேன்." சாப்பாட்டுக்காக ஊர்விட்டு ஊர் போகிற ரகம் நான். அந்த வாரமே கிளம்பிவிட்டேன்.

கோவை ஜங்ஷனில் காலை பத்தரை வாக்கில் ரயில். முன்பதிவில்லா டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் திருப்பூர் ரயில் நிலையத்தின் வாசலே ஒரு சந்தை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் தெருவில். செல்போன் உறை, செருப்பு, கடுகு எண்ணெய் என்று விற்பவர்களும் வெளியூர்க்காரர்கள்தான். இந்தி, வங்காளம் தவிர, என்ன மொழி என்றே தெரியாத இரண்டு மூன்று எழுத்துகளிலும் போர்டுகள் பார்த்தேன்.

ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். பிரகாஷ் கொடுத்த அடையாளத்தைச் சொன்னதும் டிரைவர், "ஓ, வடக்கத்திக்காரங்க கடையிங்களா? போலாமுங்க. அவங்க பூராம் ஒரே ஊருதானுங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

மமதாவின் மெஸ் என்பது ஒரு லைன் வீட்டின் தகர வாசல்தான். நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெஞ்சு. பத்து வருடத்துக்கு முன் ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர், அறைத் தோழிகளுக்குச் சமைக்க ஆரம்பித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார். பக்காளா என்றால் தயிர் கலந்து தாளித்த நீர்ச்சோறு. கூடவே வறுத்த கருவாடு, பிசைந்த உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம். தட்டு எண்பது ரூபாய். அந்த வெயிலுக்கு அப்படியொரு குளிர்ச்சி!

"நம்ம பழைய சோறு மாதிரியே இருக்குங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பழைய சோறுன்னா மிச்சமானதுங்க. இது மிச்சம் இல்லீங்க. இதுக்குன்னே ஆக்கி, தண்ணியில ஊற வெச்சது" என்றார் மமதா, கரண்டியை நீட்டி.

பேச்சு என்னோடு இருந்தாலும் பார்வை எதிர்ச்சாரியில் மூடியிருந்த ஒரு ஷட்டர்மேலேயே இருந்தது. பாலக்காட்டுக்காரர் ஒருவர் டீக்கடை நடத்தி, சொந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்ட இடமாம். "அந்தக் கடைய வாடகைக்குக் கேட்டிருக்கறேனுங்க. மத்தியானம் ஓனரம்மா வரச் சொல்லிப்போட்டாங்க. இன்னொருத்தரும் கேக்கறாங்க. நீங்க கொஞ்சம் கூட வாரீங்களா? சமையல் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." தின்றுவிட்டு மறுக்க முடியுமா?

அந்த இன்னொருத்தர் நேபாளத்துக்காரர் பிஷ்ணு. மாலையில் தள்ளுவண்டியில் மோமோ விற்பவர். இஸ்திரி போட்ட சட்டையோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். கடை ஓனர் சரஸ்வதியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். நான் என் ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நான் சைவமுங்க. எனக்கு ருசி தெரிய வேண்டாம். எத்தன வருசம் இருப்பீங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

மமதா நிமிர்ந்து சொன்னார்: "எப்பவும் இங்கதானுங்கம்மா. பொண்ணு தமிழ் மீடியத்துல படிக்கறா. ஊருக்குத் திரும்பிப் போற நெனப்பே இல்லீங்க."

பிஷ்ணு தயங்கினார். "மூணு வருசமுங்க. ஊர்ல ஊடு கட்டோணும். கட்டிப்போட்டுப் போயிருவேன்."

மமதாவுக்குத்தான் கடை என்று மனசுக்குள் கைதட்டிவிட்டேன்.

"அப்ப தம்பிக்கே குடுத்தர்றேன்" என்றார் சரஸ்வதியம்மா. "கோவிச்சுக்காத அம்மணி. நாளைக்கு என்ர பையன் வந்து கடை வேணும்னு கேட்டா, எப்பவும் இருக்கறேங்கறவங்கள எப்படிக் காலி பண்றது?"

மமதாவின் முகம் சுருங்கிப்போனது. நிலைத்து இருக்கிறேன் என்பதே ஒருவருக்கு எதிராகப் போகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. ஆனால் அவர் அங்கிருந்து நகரவில்லை. பிஷ்ணு பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்க யாவாரம் சாயங்காலந்தானுங்க? அதுவரைக்கும் கடை சும்மாதான பூட்டிக் கெடக்கும்?"

"மீன் வாசம் மோமோவுல ஏறிருமுங்க அக்கா."

"ஏறாதுங்க. கழுவித் தருவேன். உங்க பூண்டுச் சட்னி வாசம் மட்டும் என் சோத்துல ஏறாதுங்களா?"

மமதா கிராமத்திலிருந்து நேராக இங்கே வந்தவர், இந்தி தெரியாது. பிஷ்ணுவுக்கு ஒடியா தெரியாது. ஆகவே சண்டை முழுக்க, 'ங்க' குறையாத கொங்குத் தமிழில் நடந்தது! சரஸ்வதியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ர பேரனுக்குக்கூட இப்படிப் பேச வராது. சரி, ரெண்டு பேரும் சேந்தே நடத்துங்க. கருவாடு மட்டும் வறுக்கக் கூடாது."

"ஞாயித்துக்கெழமை மட்டுமுங்கம்மா. அதுக்குத்தான் கூட்டமே வருது."

சரஸ்வதியம்மா யோசித்தார். "ஞாயித்துக்கெழமையானா நான் வெள்ளகோவில்ல மக ஊட்டுக்குப் போயிருவேன். இன்னைக்கு இந்தப் பேச்சுக்காகத்தான் போகல. என்ன பண்ணுனாலும் நான் வாரதுக்குள்ள வாசம் போயிருக்கோணும்."

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ஒப்பந்தத்தில் தன் பெயரும் வேண்டும் என்றார் மமதா. "நாளைக்கு இவரு ஊருக்குப் போயிட்டா நான் யாருங்க?" சரஸ்வதியம்மா பதில் சொல்வதற்குள் பிஷ்ணுவே, "ரெண்டு பேரையும் எழுதிருங்கம்மா" என்றார். மூன்று வருடத்துக்குத்தான் ஒப்பந்தம், அதன்பின் மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. மமதா உடனே போய் எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். ஓனரம்மாவுக்குப் புது டம்ளர்.

திரும்பும் ரயிலில் டிரைவர் சொன்ன 'ஒரே ஊர்' ஞாபகம் வந்தது. வீடு கட்டித் திரும்பிப் போக ஒருவர் கடை போடுகிறார், திரும்பிப் போகாமல் இருக்க இன்னொருவர் போடுகிறார். இருவரையும் ஒரே சொல்லில் அடைக்கிற பழக்கத்தை நான் விட்டாக வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறே சரியான நாள், வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். பன்னிரண்டரைக்குள் போனால்தான் பக்காளா கிடைக்கும். மோமோ ஐந்து மணிக்கு மேல். சாப்பாட்டைப் பழைய சோறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வழி கேட்பது சுலபம். பெயின்டர் போர்டில் 'மமதா பிஷ்ணு உணவகம்' என்று சேர்த்து எழுதிவிட்டாராம். வந்தவர்கள் எல்லோரும் புருஷன் பெண்டாட்டியா என்று கேட்க, மமதா அன்றைக்கே ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, அடியில் இன்னும் பெரிய எழுத்தில் ஒரு வரி எழுத வைத்துவிட்டார். அதனால் ஆட்டோவில் ஏறி, 'அக்கா தம்பி கடை' என்று சொல்லுங்கள். போதும்.